சிப்புக்குள் ஒரு மீட்டர்

உங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்போது டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்திருப்பீர்கள். 'சிபியு 100%' என்று பயமுறுத்தும். பிராசஸர் மாடாக உழைக்கிறது, பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். பல சமயம் அது மெமரியிலிருந்து டேட்டா வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காத்திருப்பும் உழைப்புக் கணக்கில்தான் எழுதப்படும். (சில ஆபீஸ்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

உழைப்பது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள பிராசஸருக்குள்ளேயே சில மீட்டர்கள் இருக்கின்றன. பர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர் என்பார்கள். ஆட்டோ மீட்டர் மாதிரி இல்லை, நிஜமாகவே ஓடும். எத்தனை சைக்கிள் கழிந்தது, எத்தனை கட்டளை முடிந்தது, எத்தனை முறை கேஷில் தேடிக் கிடைக்கவில்லை என்பதை ஹார்டுவேரே எண்ணும்.

கேஷ் என்பது சமையலறை அஞ்சறைப்பெட்டி. மெயின் மெமரி, தெருக்கோடி மளிகைக்கடை. கடுகு பெட்டியில் இருந்தால் உடனே தாளிக்கலாம். இல்லையென்றால் கடைக்குப் போய்வர நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் காலி. ஆயிரம் வரிசை, ஆயிரம் பத்தி கொண்ட எண் அட்டவணையை சி மொழியில் கூட்டுகிறீர்கள். வரிசையாகக் கூட்டினால் ஒரு நடைக்குப் பதினாறு எண்கள் வரும், பதினாறும் செலவாகும். பத்தி பத்தியாகக் கூட்டினால் பதினாறைச் சுமந்து வந்து ஒன்றை மட்டும் எடுப்பீர்கள். மற்றவற்றின் முறை வருவதற்குள் பெட்டி வேறு சாமானால் நிரம்பியிருக்கும். கூட்டல் என்னவோ அதே பத்து லட்சம்தான். புரோகிராமை முறைத்துப் பார்த்தால் இது தெரியாது. மீட்டர் சொல்லிவிடும்.

இந்த மீட்டர்கள் முதலில் ரகசியமாக இருந்தன. 1993-ல் வந்த பென்டியத்தில் 40 பிட் அகலத்தில் இரண்டு இருந்தன. விவரம் வேண்டுமென்றால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றது இன்டெல். நார்வேக்காரர் டெர்யே மாத்திசன் தானே குடைந்து பார்த்து, 1994 ஜூலை 'பைட்' பத்திரிகையில் எழுதிவிட்டார். அப்புறம் இன்டெலும் விவரங்களைத் தன் கையேடுகளில் வெளியிட்டது.

ரகசியம் போனாலும் பூட்டு இருந்தது. மீட்டரை இன்னதை எண்ணு என்று திருப்பி வைக்கும் அதிகாரம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு மட்டுமே. லினக்ஸில் வெகுகாலம் இதற்காக கெர்னலிலேயே ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 பதிப்பில், இங்கோ மோல்னாரும் தாமஸ் கிளைக்ஸ்னரும் முன்வைத்த ஏற்பாடு உள்ளேயே சேர்ந்துவிட்டது. இன்ன நிகழ்ச்சியை, இன்ன புரோகிராமுக்கு எண்ணு என்று கேட்டால், கெர்னல் ஒரு ஃபைல் போலத் திறந்து கொடுக்கும். படித்துக்கொள்ளலாம். 'பெர்ஃப்' என்ற கருவி இதைத்தான் செய்கிறது.

எனக்கு இதில் பிடித்தது கெர்னலின் நியாய உணர்வு. பிராசஸர் வேறு புரோகிராமுக்குக் கை மாறும்போது உங்கள் கணக்கை எடுத்து வைத்துவிட்டு, திரும்பியதும் தொடர்கிறது. அடுத்தவன் ஓட்டம் உங்கள் பில்லில் ஏறாது. இருக்கும் மீட்டர்களைவிட அதிகம் கேட்டால், முறைவைத்து எண்ணி, மீதியை விகிதப்படி மதிப்பிடும்.

ஆனால் எண்ணிக்கையும் கோள் சொல்லும். அடுத்த புரோகிராம் எப்போது மெமரிக்கு ஓடுகிறது என்று கவனிப்பவன், அது கையாளும் ரகசியச் சாவியையே ஊகிக்கக்கூடும். அதனால் கெர்னலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் பெயரிலேயே 'பாரனாய்ட்' என்று இருக்கிறது! 2016-ல் வந்த 4.6 பதிப்பிலிருந்து சாதாரண ஆசாமி தன் புரோகிராமை அளக்கலாம், கெர்னலை அளக்க முடியாது. சில லினக்ஸ் வகைகள் அதற்கும் தடை போடுகின்றன. வாடகை சர்வர்கள் பலவற்றில் மீட்டரே கண்ணில் படாது.

பக்கத்து வீட்டு மீட்டரை எட்டிப் பார்க்கக்கூடாது, சரி. என் வீட்டு மீட்டரையும் மூடி வைத்தால்? அளக்க முடியாதவன் ஊகிப்பான். புரோகிராமில் தப்பான இடத்தைத் திருத்துவான். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு சர்வர் வாங்குவான். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், கரண்ட் பில்லுடன்.