பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளையோடு

தக்கலையிலிருந்து வேளிமலைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் கல் மதில் வந்துவிடும். மதிலுக்குள்ளே, ஒன்றன்மேல் ஒன்று சரிந்த ஓட்டுக்கூரைகளோடு பத்மநாபபுரம் அரண்மனை. ராஜா வீடு என்றால் தங்கமும் வைரமும் ஜொலிக்கும் என்று எண்ணி வருகிற ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். எங்கே பார்த்தாலும் மரம், ஓடு, நிழல். ஆனால் தென்னாட்டில் சிறு பிள்ளைகளை அழைத்துப் போக இதைவிட நல்ல அரண்மனை கிடையாது.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். அது நல்லதாகப் போயிற்று. அரண்மனை பிள்ளைக்கு முதலில் உள்ளங்கால் வழியாகத்தான் அறிமுகமாகிறது. கருப்பாக, வழுவழுவென்று, முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கும் தரை. வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். முட்டையில் தரை போட்டார்களா என்று வியக்காத பிள்ளை உண்டா? குனிந்து கையால் ஒருமுறை தடவிப் பார்க்க விடுங்கள். பெரியவர்கள் நிலைப்படிகளில் தலையை இடித்துக்கொள்ளாமல் குனிந்து குனிந்து போக, பிள்ளை மட்டும் நிமிர்ந்து நடந்துபோகும்.

நுழைந்ததும் வருவது பூமுகம். இங்கே அவசரப்படக் கூடாது. அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை முழுக்கச் செதுக்கிய பூக்கள். மொத்தம் 90, ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒரே மாதிரி இரண்டு பூவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், பிள்ளை நகராது. தேடித் தேடித் தோற்கும்போது அந்தத் தச்சனின் கை எப்படிப்பட்டது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். கூரையிலிருந்து தொங்கும் குதிரை விளக்கு, சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலி, கருங்கல் கட்டில் எல்லாம் இதே இடத்தில் உண்டு. மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை. மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்றும் அளவான வெளிச்சமும் வரும் அந்த அறையில் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அரண்மனையின் தொடக்கம் 1601-ஐ ஒட்டியது. கட்டியவர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா இதை விரிவாக்கிக் கட்டினார். 1795-இல் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. சிறு பிள்ளைக்கு இவ்வளவுகூட அதிகம்.

ஊட்டுப்புரையைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள், ஏனென்றால் அது சாப்பாட்டு விஷயம். இரண்டு அடுக்கு, தூண் வரிசைக்கு நடுவே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீளும் கூடம். ஒரு தளத்தில் ஆயிரம் பேர் என்று இரண்டாயிரம் பேருக்கு இலை போட்டுச் சோறு போட்ட இடம். சித்திர வேலைப்பாடு எதுவும் கிடையாது. பசித்து வந்தவர்களுக்காகக் கட்டிய இடத்துக்கு அது தேவையும் இல்லை. ஊறுகாய் போட்டு வைத்த சீனப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. முற்றத்தில் ஒரு பீடத்தின் மேல் உருண்டைக் கல் ஒன்று. படையில் சேர வரும் இளைஞன் அதைத் தலைக்கு மேல் 101 முறை தூக்கிக் காட்ட வேண்டுமாம். ஒருதரம்கூட முடியுமா என்று அப்பாவை ஏற இறங்கப் பார்க்கும் பிள்ளை.

அடுத்தது உப்பிரிகை மாளிகை. நான்கு அடுக்கு, கீழே கருவூலம், அதற்கு மேலே 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் ராஜாவின் கட்டில், உச்சியில் சுவரெங்கும் ஓவியம் தீட்டிய பூசை அறை. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆண்டார். ஆகவே உச்சி அறை சுவாமிக்கு, அதற்குக் கீழேதான் ராஜாவுக்கு. இன்றும் நவராத்திரிக்கு இங்கிருந்துதான் உடைவாளும் சரஸ்வதி அம்மனும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள்.

அப்படியானால் இது யார் வீடு என்று பிள்ளை கேட்டால் பதில் சுவாரசியமானது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் நம்முடையது ஆனது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அவர்கள் அக்கறையாகத்தான் பராமரிக்கிறார்கள். அறைக்கு அறை நிற்கும் ஊழியர்கள் மலையாளம் கலந்த தமிழில் விளக்குவார்கள். அவர்களைப் பேச விட்டுப் பிள்ளையை முன்னால் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

அருங்காட்சியகப் பகுதியில் மனித உருவத்தில் ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது. குற்றவாளியை அடைத்துத் தொங்கவிட்ட சித்ரவதைக் கூண்டு. சிலர் பிள்ளையின் கண்ணை மறைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை கேட்காவிட்டால் கடந்துவிடலாம். கேட்டால் மழுப்ப வேண்டாம். சோறு போட்ட அதே அரசுதான் இந்தத் தண்டனையையும் கொடுத்தது, இப்போது இதெல்லாம் கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சியையும் ஓவியமாக இங்கே காணலாம். எதிரியாக வந்தவர் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார் என்றால் பிள்ளைகளுக்கு நம்பவே கஷ்டம். அவருடைய கல்லறை பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 

திங்கட்கிழமை அரண்மனை திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். செங்குத்தான மரப்படிகளில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா அறையிலும் நின்று பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூமுகம், ஊட்டுப்புரை, முற்றத்துக் கல் மூன்றையும் ஆற அமரப் பார்த்துவிட்டு உதயகிரிக்குப் போங்கள். கோட்டைக்குள்ளே மரங்கள் அடர்ந்த வெளி இருக்கிறது, பிள்ளை வேண்டுமட்டும் ஓடலாம்.