கூடார வாசலில் ஒரு தோழன்

இல்லறம் என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. கணவனும் மனைவியும் சேர்ந்து புறப்பட்டு, ஒரு மரத்தடியில் அமர்ந்து, ஒரே கலயத்து நீரைப் பருகி, வல்லோனின் படைப்பைக் கண்டு வியந்து திரும்புவதும் இல்லறத்தின் ஒரு பகுதியே. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பன்முறை பணிக்கின்றது. அப்பணிப்பு ஆடவர்க்கு மட்டுமே உரியது என்று சொல்வார் எவருமிலர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பயணங்களில் துணைவியரை உடனழைத்துச் சென்றதும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு வழியில் ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸ் நூல்களில் பதிவான செய்திகள். ஆகவே கோடை விடுமுறையில் ஓர் இளந்தம்பதியர் கூடாரமடித்துத் தங்கப் போகின்றனர் என்றால் அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆயின், அவர்களோடு ஒரு நாயும் போனால்?

இவ்வினா நம்மிடம் வந்தது புத்தக வாயிலாக அன்று. ஒரு குடும்பத்தின் மனவருத்தத்தின் வாயிலாக வந்தது.

மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில், நகருக்கு மேற்கே அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. நீண்டு படுத்த பாம்பு போல் கிடக்கும் குன்றுத்தொடர்தான் நாகமலை. அருகிலேயே கீழக்குயில்குடியின் சமணர் மலை. அங்குச் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. புடவு என்றால் குகை. உலகை விட்டு ஒதுங்கிய துறவியர் ஒரு காலத்தில் இக்குன்றுகளின் கற்படுக்கைகளில் உறங்கினர். இன்றோ ஊரைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகிவிட்டன. எனினும் மலையடிவாரங்களில் தோப்புகளும் தரிசு வயல்களும் இன்னும் எஞ்சியுள்ளன.

அத்தகைய தோப்பொன்று, தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் நம் அன்பர் ஒருவருக்குத் தந்தைவழி வந்தது. மாவும் தென்னையும் நிற்கும் சிறு தோப்பு. அவர் மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. மணமாகி ஒன்பது ஆண்டுகள். மகப்பேறு இன்னும் வாய்க்கவில்லை. மாங்காய் காய்க்கும் பருவத்தில் களவு மிகுதி என்பதால் ஒரு கோம்பை நாயைக் குட்டியாக வாங்கி வளர்த்தனர். தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரால் வழங்கும் இனம் அது. செம்பழுப்பு மேனி, கரிய முகம். மணி என்று பெயரிட்டனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் பள்ளி விடுமுறை வந்ததும் தோப்பில் கூடாரமடித்து நான்கைந்து இரவுகள் தங்குவர். சுபுஹு தொழுததும் நாயோடு மலையடிவாரத்தில் நடப்பர்; அஸர் தொழுததும் கண்மாய்க் கரையில் அமர்வர். இவ்வளவே அவர்கள் கண்ட உல்லாசம்.

இதில்தான் பிணக்கு எழுந்தது. அன்பரின் தாயார் மகன் வீட்டில் உண்பதை நிறுத்திவிட்டார். “பேரப்பிள்ளையைப் பிடிக்க வேண்டிய கையில நாய்க் கயிறா?” என்று உறவினர் கூடிய திருமண வீட்டில் ஒருவர் கேட்டாராம். அச்சொல் மருமகளின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. கணவரோடு நம்மைக் காண வந்த அப்பெண் சொன்னது இது: “ஹஜ்ரத், மாமி எங்க வீட்டுல தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்குறாங்க. மார்க்கத்துல கூடாதுன்னா சொல்லிடுங்க, மணியை யாருக்காவது குடுத்துடுறோம். கூடும்னா அதை மாமிகிட்டயும் சொல்லுங்க.”

“அம்மா, சட்டம் ஒன்று, வெறுப்பு வேறொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்கிறோம்” என்றோம். அன்று சொன்னதை நம் வாசகர் குடும்பங்களுக்கும் சொல்வது நலமெனக் கருதுகின்றோம்.

முதலாவது, வைத்துக்கொள்வது பற்றியது. தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்றும், நாயுள்ள வீட்டில் வானவர் நுழையார் என்றும் நபிமொழிகள் உள்ளன. இவற்றை மறைத்துப் பேசுவது அறிவுடைமையாகாது. ஆனால் நற்கூலி குறைவதைச் சொல்லும் அதே நபிமொழிகளில் மந்தை, பயிர், வேட்டை ஆகியவற்றுக்கான நாய்கள் விலக்களிக்கப்பட்டுள்ளன. பயிற்றுவிக்கப்பட்ட நாய் பிடித்துத் தரும் வேட்டைப் பிராணியை உண்ணலாம் எனத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கிறது. இவ்விலக்கை ஒட்டியே, வீட்டுக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தாக இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கின்றார். தோப்பைக் காக்கும் நாய் விலக்குக்குள் அடங்கும். பெருமைக்கும் பகட்டுக்கும் வளர்ப்பவர் இதைத் தமக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாகாது.

இரண்டாவது, தூய்மை பற்றியது. மதுரையில் ஷாஃபிஈ, ஹனஃபீ என இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். ஷாஃபிஈ சட்டப்படி நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழுமுறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒன்று மண்ணைக் கொண்டு. ஹனஃபீ சட்டத்தில் நாயின் உமிழ்நீரே அசுத்தம். அதன் உடல் அன்று. பாத்திரத்தை மும்முறை கழுவுதல் கடமை. மாலிக்கீ மத்ஹபிலோ நாய் தூய பிராணியே. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கம். உலர்ந்த மேனி உலர்ந்த ஆடையில் படுவதால் அசுத்தம் ஒட்டாது என்பதை ஷாஃபிஈ அறிஞர்களும் ஒப்புகின்றனர். ஆகவே நாய்க்குத் தனிச் சட்டி, தனி இடம். தொழுகை விரிப்புக்கும் சமையலுக்கும் எட்டாத் தொலைவு. உடைக்கு ஈரம் பட்டால் கழுவுதல். இவ்வளவுதான் சட்டம் கேட்பது. தோப்பில் தங்குவோர்க்கு மண்ணுக்கும் பஞ்சமில்லை, நீருக்கும் பஞ்சமில்லை!

இங்கே நாம் ஊன்றிக் காணவேண்டியது ஒன்றுண்டு. கழுவு என்றுதான் மார்க்கம் சொல்லிற்று. கல்லெறி என்று சொல்லவில்லை. நம் தெருக்களில் சிறுவர் நாயைக் கல்லால் அடிக்கின்றனர். கேட்டால் நஜீஸ் என்கின்றனர். நஜீஸ் என்பது நம் கையையும் பாத்திரத்தையும் பற்றிய சட்டம். அவ்வுயிரின் மீது சுமத்தப்பட்ட குற்றமன்று. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்ட ஒருவர் கிணற்றில் இறங்கினார். தம் தோலுறையில் நீர் நிரப்பி, வாயால் கவ்வியபடி மேலேறி அதற்குப் புகட்டினார். இறைவன் அவரை மன்னித்தான். ஈரமுள்ள எவ்வுயிரின் பொருட்டும் கூலியுண்டு என்ற கருத்தமைந்த இந்நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். ஹிஜ்ரி 8-இல் மக்காவை நோக்கிப் படை நகர்ந்தபோது, குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்நாயை வழியில் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், படையினர் எவரும் அதற்கு ஊறு செய்யாதிருக்கத் தோழர் ஒருவரைக் காவல் நிறுத்தினார்கள் என வாகிதீ தம் மகாஸி நூலில் எழுதுகின்றார். ஒரு நாய்க்குக் காவலாக ஒரு ஸஹாபி! இதைவிடச் சொல்லவேண்டுவது யாது?

நம் முன்னோராகிய அரபுப் புலவர்களும் நாயை இழித்தொதுக்கவில்லை. ஹிஜ்ரி 255-இல் மறைந்த ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் நாய் சிறந்ததா, சேவல் சிறந்ததா என்றொரு நெடிய வாதத்தையே நடத்துகின்றார். ஹிஜ்ரி 309-இல் மறைந்த இப்னுல் மர்ஸுபான், ஆடையணிந்த பலரைவிட நாய்கள் மேலானவை எனப் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் யாத்தார்.

இத்தனையும் கேட்டபின் அன்பர் நம்மையும் தம் தாயாரையும் ஒருமாலை தோப்புக்கு அழைத்தார். கத்திரி வெயில் தணிந்த நேரம். தாயார் வேண்டா வெறுப்பாகவே வந்தார். தோப்பை அடுத்த தரிசு வயலில் அப்போது ஓர் ஆட்டுக்கிடை போட்டிருந்தனர். அறுவடை முடிந்த கோடையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தையோடு வரும் கீதாரிகள், இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைப்பர். புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். நிலக்காரர் அதற்குக் கூலி தருவார். கிடை ஒரே இடத்தில் நில்லாது, வயல் வயலாக நகரும். கணவன், மனைவி, அடுப்புக் கல், குட்டிகளை அடைக்கும் கூண்டு, ஒரு நாய். நம் தம்பதியர் நான்கு நாள் விரும்பி மேற்கொள்ளும் கூடார வாழ்வு அவர்களுக்குக் கோடை முழுதும் பிழைப்பு. இவ்வாழ்வைத்தான் கி. ராஜநாராயணன் தம் ‘கிடை’ குறுநாவலிலும், சு. தமிழ்ச்செல்வி தம் ‘கீதாரி’ நாவலிலும் தமிழுக்குத் தந்தனர்.

அன்பரின் தாயார் அக்கீதாரிப் பெண்ணிடம், “நாயோட எப்படிம்மா ராவெல்லாம் கெடக்குறீங்க?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். “அது இல்லாட்டி எங்களுக்கு ஏதும்மா தூக்கம்? ராவு பூரா அதுதான் முழிச்சிருக்கு, நாங்க தூங்குறோம்” என்றாள்.

கல்வியறியா அப்பெண்ணின் சொல் நம்மைத் திருமறையின் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு இழுத்துச் சென்றது. கொடுங்கோலுக்கு அஞ்சி, ஈமானைக் காக்கக் குகை புகுந்த இளைஞர்கள். அவர்களை இறைவன் நெடுங்காலம் உறங்க வைத்தான். காண்போர் அவர்களை விழித்திருப்பதாகவே எண்ணுவர், அவர்களோ உறக்கத்தில். வாசலில் முன்னங்கால்களை நீட்டியபடி அவர்களது நாய். அவ்விளைஞர்களின் தொகை பற்றி மக்கள் கொண்ட கருத்துகளை எடுத்துரைக்கும் மறை, மூவர் எனினும், ஐவர் எனினும், எழுவர் எனினும், ஒவ்வொரு கணக்கிலும் நாயையும் சேர்த்தே எண்ணிக் காட்டுகின்றது. குகை இருந்த இடம் துருக்கியின் எபெசு நகரம் என்பாரும், ஜோர்தானில் அம்மான் நகரை அடுத்த இடம் என்பாரும் உளர். நாயின் பெயர் கித்மீர் என்பது வழக்கு. மறை அதைக் கூறவில்லை. இடமும் பெயரும் மறைந்தால் என்ன? நல்லோரோடு வழிநடந்த ஓர் உயிரின் காவல், மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்றுவிட்டது. அதுவும் எங்கே? குகைக்குள் அன்று, வாசலில். சட்டமும் அன்பும் ஒருசேர நிற்கும் இடம் அவ்வாசலே எனத் தாயாரிடம் சொன்னோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. மஃரிபுக்குப்பின் பாய் விரித்து உணவு பரிமாறப்பட்டபோது, மருமகள் தந்த தண்ணீரை வாங்கிப் பருகினார். மணி கூடாரக் கயிற்றுக்கு அப்பால் படுத்திருந்தது. அதைத் தொடவுமில்லை, அருகில் அழைக்கவுமில்லை. சற்றுநேரம் கழித்து, “அதுக்குத் தண்ணி வச்சியாம்மா?” என்று மருமகளைக் கேட்டார். அம்மா என்ற அவ்வொரு சொல்லுக்காக அப்பெண் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பதை அவள் முகமே சொல்லிற்று. மகப்பேறு அளிப்பதும் அளிக்காதிருப்பதும் இறைவன் நாட்டம். அதைக் குத்திக்காட்டும் நாவுக்கு எந்த மத்ஹபிலும் விலக்கில்லை.

கோடையில் நாயோடு வெளிச்செல்லும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்வை சுரப்பதில்லை. இளைத்து மூச்சுவிட்டே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மதுரை வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் வைகறையும் மாலையுமே நடைக்கு ஏற்றவை. புறங்கையைத் தரையில் சில வினாடிகள் வைத்துப் பாருங்கள்; நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். பூட்டிய காருக்குள் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர். உண்ணி கடித்திருக்கிறதா என மாலைதோறும் பாருங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைதல் குற்றம். அங்கு நாயை அவிழ்த்துவிட்டால் முயலும் மயிலும் துன்புறும். ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவது உரிமையாளரின் பொறுப்பு. எந்த நாய் கடித்தாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை செல்க. 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் போட்ட அத்தடுப்பு மருந்தின் வழிவந்த ஊசி, இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. மந்திரிப்பதோடு நின்றுவிடுவது உயிருக்கு உலை வைப்பதாகும்.

நாய் வளர்க்காத குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளர்க்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இக்கோடையில் உங்கள் வாசலுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் நீர் வையுங்கள். அதற்கு மத்ஹபு வேற்றுமை இல்லை. தனியே ஏழுமுறை கழுவவும் தேவையில்லை. குடிக்க வரும் உயிர் எதுவாயினும் பிள்ளைகள் கல்லெடுக்காதிருக்கப் பழக்குங்கள். நம் வீடுகளின் தூய்மையையும் நம் உள்ளங்களின் ஈரத்தையும் ஒருசேரக் காக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.