மடியிலிருந்து மேகத்துக்கு

நுழையும்முன்

ஒரு கருவி நம் கைக்கு எளிதில் எட்டுவது வேறு. அது நமக்கே உரியதாக இருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

ஒசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பணிக்குச் செல்லும் இளைஞர் பலரது தோளில் மடிக்கணினிப் பை தொங்குவதைக் காண்கிறேன். அலுவலகத்தையே தோளில் சுமக்கும் தலைமுறை இது.

இச்சுமை குறைந்துவந்த வரலாறு சுவையானது. 1981இல் வெளிவந்த 'ஆஸ்போர்ன் 1' என்னும் பெயர்த்தகு கணினி ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்டது. இன்றைய மடிக்கணினிகள் பலவும் இரண்டு கிலோவுக்கும் குறைவானவை. அந்த எடையும் இனி வேண்டா என்கிறது மேகக்கணிமை. கோப்பு, மென்பொருள், இயங்குதளம் அனைத்தும் தொலைவிலுள்ள தரவு மையத்தின் சேவையகத்தில் இருக்கும். நம்மிடம் இருக்க வேண்டியவை திரையும் விசைப்பலகையும் இணைய இணைப்புமே. நேற்று நிறுத்திய வரியிலிருந்து இன்று வேறொரு கருவியில் எழுதலாம். கருவி தொலைந்தாலும் கோப்பு தொலையாது. தொலைபேசியைப்போலக் கணிமையும் பொதுச்சேவையாகலாம் என்று 1961இலேயே கூறினார் ஜான் மெக்கார்த்தி. 2021இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மேகக்கணினியை மாதக் கட்டணத்திற்கு வழங்கத் தொடங்கியது.

ஒசூர் கண்டது இதற்கு நேர்மாறான மாற்றத்தை. ஊர்ப்பொது மணிக்கூண்டைப் பார்த்து மக்கள் நேரமறிந்த காலம் ஒன்றுண்டு. கைக்கடிகாரம் அந்நேரத்தை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. 1980களில் இங்கு எழுந்த டைட்டன் தொழிற்சாலை அக்கடிகாரங்களை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. மேகக்கணினியோ, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மீண்டும் மணிக்கூண்டை நோக்கச் சொல்கிறது. மணிக்கூண்டு பிழையின்றி ஓடலாம். ஆயினும், அது கண்ணுக்கெட்டும் இடத்தில் நிற்போர்க்கே பயன்படும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் கைக்கு வந்த அக்கணினி, அலைபேசிக் கோபுரம் எட்டாத சிற்றூரிலும் இயங்கியது. அஞ்செட்டி மலைப்பகுதி மாணவர்கள் பள்ளியில் பதிவிறக்கிய பாடங்களை வீட்டில் இணையமின்றியே படித்ததை நான் அறிவேன். மேகக்கணினியை மட்டும் நம்பும் மாணவருக்கோ, இணைப்பு அறுந்தால் பாடமும் அறும். கட்டணம் செலுத்த இயலாத மாதத்தில், தாம் எழுதியதையே தாம் திறக்க முடியாமலும் போகலாம்.

அதனால் மேகத்தை வெறுக்க வேண்டியதில்லை. அதன் வசதி உண்மையானது. எனினும், கெலவரப்பள்ளி அணைநீர் வாய்க்காலில் வருகிறது என்பதற்காக உழவர் தம் கிணற்றைத் தூர்ப்பதில்லை. மாணவர்களே, நீங்கள் உழைத்து எழுதியவற்றின் ஒரு படி எப்போதும் உங்கள் கையிலும் இருக்கட்டும்.