அறைக்குப் பின்னால் என்ன?

ஏப்ரல் கடைசி ஞாயிறு

செல்லூரில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. தறியை நிறுத்திவிட்டு வந்த இவர் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பாய் விரிக்க முடிந்தது. மூணாறு போவதென்று அங்கேயே முடிவாயிற்று. வரையாடு பார்க்க வேண்டும் என்பது சின்னவளின் நிபந்தனை. குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவைக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஏப்ரலில் திறந்துவிடுவார்கள். அதனால் அதில் சிக்கலில்லை. எங்கே தங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

கொழுந்தன் செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டுகிறான். எல்லாமே பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி. "வியூ இல்லாத ரூமுக்கு எதுக்கு மதினி அம்புட்டு தூரம் போகணும்?" என்கிறான். அத்தைக்கு முழங்கால் வலி, படி ஆகாது. இவருக்கு வாடகைதான் கவலை.

செவ்வாய்

அறையைத் தேடுமுன் பூங்காவின் வாசலைத் தேடினேன். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவுக்குள் ஓட்டல் கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. அதற்கும் ஐந்தாம் மைலில் இறங்கி வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். அந்த வாசல் இருப்பது மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போகிற சாலையில். பள்ளிவாசலிலோ சின்னக்கானலிலோ தங்கினால், காலையில் மூணாறு கடைத்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். மே மாத நெரிசலில் அங்கேயே பாதிப் பொழுது போய்விடும்.

சின்னக்கானல் நம் தேனி வழியிலேயே வந்துவிடும், அலைச்சல் மிச்சம் என்பது கொழுந்தனின் கணக்கு. ஆனால் அது யானைக்காடு. 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை அங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டதும் அது மலை இறங்கி, மே மாதம் கம்பத்துத் தெருக்களில் ஓடியது. "அது வீட்டை நாம பிடுங்கினா, அது நம்ம வீட்டுக்குத்தானே வரும்" என்றார் அத்தை. கொழுந்தன் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டான்.

வியாழன்

அவனுக்குப் பிடித்த விடுதி ஒன்றுக்கு நானே போன் போட்டேன். நல்ல தமிழில் பேசினார்கள்.

"ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வரும்க்கா."

"சரி தம்பி, கட்டடத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"மலைதான்க்கா."

"வெட்டின மலையா, வெட்டாத மலையா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கட்டும்போது கொஞ்சம் வெட்டினதுதான்க்கா. தடுப்புச்சுவர் கட்டியாச்சு."

விளம்பரப் படம் எல்லாம் முன்பக்கத்துக்குத்தான். சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மலையைச் செங்குத்தாகச் சீவ வேண்டும். அடியில் பிடிமானம் இழந்த மண் மழைநீர் ஊறிக் கனத்ததும் இறங்கப் பார்க்கும். ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மேலிருந்து சரிந்த மலை தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். எஸ்டேட் கொடுத்த வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். இடம் பார்த்துக் குடியேறும் வசதி அவர்களுக்கு இல்லை. காசு கொடுத்து இடம் பார்க்கிற நாம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்கலாம்.

மூணாறு ஊரிலேயே, மறையூர் சாலையை ஒட்டிய லாட்ஜில் தரைத்தள அறை கேட்டு முன்பணம் அனுப்பினேன். கொழுந்தன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆற்றோர ஊரும் அபாயமற்றதல்ல. 1924, 2018 வெள்ளங்கள் இரண்டிலும் மூணாறு அடிவாங்கியது. ஆனால் இரண்டுமே தென்மேற்குப் பருவமழையில் வந்தவை. இது மே முதல் வாரம்.

சனி, மூணாறு

போடி வரை ரயில். 2023 ஜூனில் அகலப்பாதை போடியைத் தொட்டதிலிருந்து அத்தைக்குப் பாதிப் பயணம் சுகம். பிறகு பேருந்தில் போடிமெட்டு, பூப்பாறை, கேப் ரோடு. அகலப்படுத்திய சாலையோரம் பாறை பச்சையாக வெட்டுப்பட்டு நிற்கிறது. கொழுந்தன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டுதான் தெரிகிறது. வெந்நீர் வருகிறது, போர்வை சுத்தம். ஆளுக்கொரு பரோட்டாவோடு படுத்துவிட்டோம்.

ஞாயிறு

நெரிசலுக்கு முன்பே வாசலில் நின்றோம். ராஜமலையில் தார்ச்சாலையை ஒட்டியே வரையாடுகள். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிறிய திட்டு. பாறை விளிம்பில் குளம்பை ஊன்றி, எங்களைச் சட்டை பண்ணாமல் புல்லைக் கறித்தது. தாண்டி ஆனைமுடி, 2,695 மீட்டர். கொழுந்தன் கேட்ட வியூ இங்கே நுழைவுச்சீட்டு விலையில் கிடைத்தது. அறை வாடகையில் மிச்சமானது சாக்லேட்டுக்கும் தேயிலைக்கும் போயிற்று.

செவ்வாய், செல்லூர்

2018-இல் பூத்த குறிஞ்சி இனி 2030-இல்தான். இப்போதே அறை பார்க்கச் சொல்கிறான் கொழுந்தன். அது பூப்பது ஆகஸ்ட் தொடங்கி, மலை நனைந்து கிடக்கும் மாதங்களில். 2018-இல் பூவும் வெள்ளமும் சேர்ந்தே வந்தன. அப்போது மூணாறில் தங்கப்போவதில்லை. பழனி, உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக ஏறி மறையூரில் தங்கலாம். அது மழைமறைவுப் பகுதி, கேப் ரோடும் குறுக்கிடாது, கடைத்தெருவைத் தாண்டாமலே பூங்கா வாசலுக்குப் போய்விடலாம். வியூ இருக்குமா என்று கேட்டான். முதலில் போன் போட்டுப் பின்பக்கத்தைக் கேள், அப்புறம் பால்கனியைப் பார்ப்போம் என்றேன்.