பெயரும் உரிமையும்

1990களின் முற்பகுதி. ரொறன்ரோ நகரின் கிழக்கேயிருந்த ஒரு தொழிற்சாலையில் நாம் மூவர் இரவு வேலை செய்துவந்தோம். மூவரும் அகதி விண்ணப்பம் செய்துவிட்டு முடிவை எதிர்பார்த்திருந்தவர்கள். எம்மில் ஒருவர் ஊரிலே பாடசாலை ஆசிரியர். மற்றவர் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். மூன்றாமவர் சொந்தமாகக் கராஜ் வைத்து வாகனம் திருத்தியவர். இங்கே மூவருக்கும் ஒரே வேலைதான். நகரும் பட்டியிலே வந்துகொண்டிருக்கும் மட்டைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குவது.

அந்தப் பட்டி திரும்பும் மூலையிலே பெட்டிகள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். எமக்கு ஏச்சும் விழும். ஒருநாள் இடைவேளையின்போது கராஜ்காரர் பழைய பிஸ்கற் பேணி ஒன்றை வெட்டித் தகடாக்கி, வளைத்து, அந்த மூலையிலே இரண்டு திருகாணிகளால் பொருத்தினார். அன்றிரவு ஒரு பெட்டியேனும் சிக்கவில்லை. மறுமாதம் அதே வடிவில் உருக்குத் தகடுகள் எல்லாப் பட்டிகளிலும் பூட்டப்பட்டன. அறிவித்தற் பலகையிலே மேற்பார்வையாளரின் படமும், அவருக்கு வழங்கப்பட்ட பாராட்டுப் பத்திரமும் தொங்கின. நாம் கொதித்தோம். கராஜ்காரரோ, "விடுங்கோ மாஸ்ரர், பெட்டி சிக்காமல் போனால் காணும்" என்று சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சில வாரங்களின் பின் நாம் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தை எடுத்து, அகராதியும் கையுமாக வாசித்தோம். வேலை நேரத்தில் தொழிலாளி ஆக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே அந்தத் தகட்டின் உரிமை நிறுவனத்துக்குப் போனது ஒப்பந்தப்படியே. ஆனால் அதை ஆக்கியவரின் பெயரை மாற்றி எழுத எந்த ஒப்பந்தமும் இடங்கொடுக்கவில்லை. உரிமை வேறு, பெயர் வேறு என்பதை நாம் உணர்ந்தது அன்றைக்குத்தான். முன்னதை வாசிக்காமல் இட்ட கையொப்பத்தால் இழந்தோம். பின்னதை எமது மௌனத்தால் இழந்தோம்.

பல ஆண்டுகள் சென்றபின் எமது பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவந்த புத்தகம் ஒன்றிலே எலைஜா மக்கோய் என்ற பெயரைக் கண்டோம். கறுப்பின வரலாற்று மாதமாகிய பெப்ரவரிக்காகக் கொடுக்கப்பட்ட புத்தகம் அது. வாசிக்க வாசிக்க, எமது இரவு வேலைக் கதையை வேறொருவர் எமக்கு முன்பே வாழ்ந்துவிட்டார் என்ற எண்ணமே மேலோங்கியது.

மக்கோயின் பெற்றோர் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். இரகசியமாக உதவுவோரின் துணையுடன், இரவிலே நடந்து, பகலிலே ஒளிந்து அடிமைகள் வடக்கே தப்பிய அந்த வழிக்கு 'நிலக்கீழ் இருப்புப்பாதை' என்று பெயர். அங்கே தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. எல்லை கடந்து வந்த எம்மவருக்கு அத்தகைய பயணத்தை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதே ஒன்ராறியோ மாகாணம். மக்கோய் 1844இல் இங்குள்ள கொல்செஸ்ரர் என்ற ஊரிலே பிறந்தார். பெற்றோர் அவரைப் பதினைந்து வயதளவில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பிப் பொறியியல் பயில வைத்தனர். தகுதி பெற்ற பொறியியலாளராகத் திரும்பி, அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே வேலை தேடினார். கறுப்பினத்தவர் என்பதால் அவருடைய கல்விக்கேற்ற வேலையை எவரும் கொடுக்கவில்லை. புகையிரத நிறுவனம் ஒன்றிலே இயந்திரத்துக்கு நிலக்கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் இடுவதுமே அவருக்குக் கிடைத்தன. பட்டப் படிப்பை முடித்துவிட்டுக் கோப்பை கழுவியோர் எத்தனை பேர் எம்மிடையே உண்டு!

அக்காலத்து நீராவி இயந்திரங்களை இடையிடையே நிறுத்தி, உராயும் பாகங்களுக்குக் கையால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. நாள்தோறும் அதையே செய்த மக்கோய், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தானாகச் சிந்தும் கிண்ணம் ஒன்றை ஆக்கினார். 1872இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் தம் வாழ்நாளில் பெற்ற ஆக்கவுரிமைகள் 57. அவற்றுட் பெரும்பாலானவை எண்ணெயிடும் கருவிகள் பற்றியவை. எனினும் அவற்றைச் செய்து விற்கும் முதல் அவரிடம் இருக்கவில்லை. ஆகவே பலவற்றின் உரிமையை வேலை கொடுத்தோருக்கும் முதலாளிகளுக்கும் எழுதிக் கொடுத்தார். தம் பெயரிலே சொந்த நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கியது 1920இல். அப்போது வயது 76. 1929இல் காலமானார். 2012இல் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே தனது முதலாவது கிளையை டிற்றோயிற் நகரில் திறந்தபோது, அதற்கு அவருடைய பெயரையே சூட்டியது.

லூயிஸ் லற்றிமர் என்பவரும் தப்பியோடி வந்தவர்களின் பிள்ளையே. அவருடைய பெற்றோர் 1842இல் வேர்ஜீனியாவிலிருந்து பொஸ்ரனுக்கு ஓடி வந்தனர். எசமானன் பின்தொடர்ந்து வந்து தந்தையைச் சிறையில் அடைப்பித்தான். நகர மக்கள் திரண்டெழுந்து, 400 டொலர் திரட்டிக் கொடுத்து அவரை மீட்டனர். 1848இல் பிறந்த மகன் லூயிஸ், ஆக்கவுரிமைச் சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றிலே ஏவலாளாகச் சேர்ந்தார். அங்கிருந்த வரைஞர்களைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே படம் வரையக் கற்று, தலைமை வரைஞராக உயர்ந்தார். 1876இல் கிரகம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றபோது, அதற்குரிய படங்களை வரைந்து உதவியவர் இவரே என்பர். மின்குமிழின் கரியிழை உடையாமல் நெடுங்காலம் எரியும்வண்ணம் அதை ஆக்கும் முறைக்கு 1882இல் தாமே ஆக்கவுரிமை பெற்றார். அதன் உரிமை அவர் வேலை செய்த மின்விளக்கு நிறுவனத்துக்கு எழுதப்பட்டது. ஆனால் கண்டுபிடித்தவர் லூயிஸ் லற்றிமர் என்பது அந்தத் தாளிலே அச்சாகியிருக்கிறது. பிற்காலத்தில் எடிசனின் நிறுவனத்திலே சேர்ந்து, ஆக்கவுரிமை வழக்குகளில் நிபுணராகச் சாட்சியமும் அளித்தார். உரிமை கைமாறிய போதும் பெயர் கைமாறவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தாளிலே பெயர் ஏறாதவரின் கதியையும் பார்ப்போம். அமெரிக்காவின் மிசிசிப்பியிலே நெட் என்ற அடிமை பருத்தித் தோட்டத்துக்கு ஏற்ற புதிய கருவி ஒன்றை ஆக்கினார். அவருடைய எசமானன் 1857இல் அதற்குத் தன் பெயரில் ஆக்கவுரிமை கேட்டான். எசமானன் கண்டுபிடித்தவன் அல்லன் என்பதால் அவனுக்குக் கொடுக்க முடியாது. அடிமை குடிமகன் அல்லன் என்பதால் அவனுக்கும் கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் கூறினர். 1858இல் நாட்டின் சட்டமா அதிபரும் அதை உறுதிப்படுத்தினார். எசமானனோ ஆக்கவுரிமை இல்லாமலே அக்கருவியைச் செய்து விற்றான். நெட் என்ற ஒற்றைப் பெயர்கூட எசமானனுடைய கடிதங்களினாலேதான் எமக்குத் தெரியவந்துள்ளது. நாட்டின் குடிமகனாகக் கணிக்கப்படாத ஒருவனுக்கு அவனது மூளையின் விளைச்சலும் சொந்தமில்லை என்ற அந்தத் தீர்ப்பை, நாடற்று நின்ற எம்மால் எளிதிலே கடந்து செல்ல முடியாது.

நெட்டை நினைக்கும்போது எமது மண்ணின் பெயரற்ற ஆக்குநர்களும் நினைவுக்கு வருகின்றனர். 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் போன்றிருந்தது. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியும் வைத்து, அந்தச் சிறு வெளிச்சத்திலே ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை முடுக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். இவற்றை முதலிலே செய்து பார்த்தவர்கள் யாவர்? எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பணத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் எமது பிள்ளைகளுக்குச் சொல்ல எம்மிடம் ஒரு பெயராவது இருந்திருக்கலாம் அல்லவா?

ஆகவேதான் 'புலமைச் சொத்து' என்ற சொல்லை எமது குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டுமென விரும்புகிறோம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையிலே கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாம். தாளின் பெறுமதி எமக்குப் புதிதன்று.

தமிழகத்தார் காப்புரிமை என்றும் இலங்கையர் ஆக்கவுரிமை என்றும் சொல்லும் 'பேற்றன்ற்' ஓர் உடன்படிக்கை போன்றது. கண்டுபிடித்தவர் தமது இரகசியத்தை முழுமையாக எழுதி ஊரறியச் சொல்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறெவரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை அரசு அவருக்குக் கொடுக்கிறது. அதன்பின் அது எல்லோருக்கும் பொது. வெறும் எண்ணம் போதாது. புதியதாகவும், பயனுள்ளதாகவும், அத்தொழில் தெரிந்த எவருக்கும் உடனே தோன்றாததாகவும் இருக்க வேண்டும். எமது நண்பரின் தகடு இந்தச் சோதனையிலே தேறாமற் போயிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு நாட்டிலே பெற்ற ஆக்கவுரிமை மற்ற நாட்டிலே செல்லாது. கனடாவில் 1989 முதலும், அமெரிக்காவில் 2013 முதலும், இருவர் ஒன்றையே கண்டுபிடித்தால் முந்தி விண்ணப்பித்தவருக்கே முதலிடம். கண்காட்சியிலோ பத்திரிகையிலோ வெளியிட்டுவிட்டால், இவ்விரு நாடுகளிலும் விண்ணப்பிக்க 12 மாதத் தவணை உண்டு. ஐரோப்பிய ஆக்கவுரிமைக்கு அத்தகைய தவணை கிடையாது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் சுவிசிலும் வாழும் எமது உறவினர் இதை மறக்கலாகாது.

கதையோ கவிதையோ எழுதுபவருக்குப் பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. கனடாவில் அது எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். 2022 முடிவுவரை அது 50 ஆண்டுகளாக இருந்தது. பதிப்புரிமையை விற்ற பின்னரும் தம் பெயரைத் தம் ஆக்கத்தில் இடும்படி கேட்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். அதைக் கைவிடுவதாக அவர் உடன்பட்டால் மட்டுமே அது போகும். கடை வைப்போர் இன்னொன்றை அறிய வேண்டும். வியாபாரப் பெயரைப் பதிவதும் வர்த்தகக் குறியைப் பதிவதும் ஒன்றல்ல. முன்னதைச் செய்துவிட்டுப் பெயர் தமக்கே சொந்தமென நம்பியிருப்பது தவறு. கறித்தூளுக்கு எது எவ்வளவு, எப்படி வறுப்பது என்ற கணக்கு வியாபார இரகசியம். அது வெளியே போகாத வரைதான் அதற்குக் காப்பு.

இவ்வளவும் சொல்லிவிட்டு எமது பக்கத்துக் குற்றத்தை மறைப்பது முறையன்று. கடையிலே வாடகைக்கு எடுத்த படப்பிரதி அனுமதி பெற்றதா என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. தமிழகத்துச் சஞ்சிகைக் கதைகளைக் கேளாமல் மறுபிரசுரம் செய்த பக்கங்களை நாமே விரும்பி வாசித்தோம். ஒலிநாடாவைப் பிரதியெடுத்து ஊரெல்லாம் பகிர்ந்தோம். வறுமையும் ஊர் ஏக்கமும் காரணம் என்று சொல்லலாம். ஆனால் எழுதியவருக்கும் பாடியவருக்கும் வறுமை இருந்ததே! எமது தகட்டுக்காகக் கொதித்த நாம் அவர்களுக்காக ஒருநாளேனும் கொதிக்கவில்லை.

இன்று எமது பிள்ளைகள் பொறியியற் கூடங்களிலும் மருந்தாய்வு நிலையங்களிலும் கணினி நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்கின்றனர். அவர்கள் கையொப்பமிடும் ஒப்பந்தத்திலும் அந்த ஒரு வாசகம் இருக்கும். உரிமை நிறுவனத்துக்குப் போவது சிலவேளை நியாயமானதே. அதற்குரிய சம்பளமும் கிடைக்கிறது. ஆயினும் வாசித்து, விளங்கி, கேட்க வேண்டியதைக் கேட்டபின்பே கையொப்பமிட வேண்டும். வேலைக்குப் புறம்பாக, சொந்த நேரத்தில் ஆக்குவதையும் அந்த வாசகம் கட்டுப்படுத்துமா என்பதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். செய்ததைத் திகதியிட்டுக் குறிப்பேட்டிலே எழுதி வைக்க வேண்டும். விண்ணப்பத்திலே கண்டுபிடித்தவராகத் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தயங்கக் கூடாது. தம்மோடு உழைத்த மற்றவரின் பெயர் விடுபட்டிருந்தால் அதையும் சுட்டிக்காட்ட வேண்டும்.

கராஜ்காரர் இன்று எம்மோடு இல்லை. பிஸ்கற் பேணித் தகட்டின் கதை அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவரது பெயரை இங்கே எழுதும் ஆசை எமக்கு உண்டு. ஆனால் அது அவருடைய குடும்பத்தின் உடைமை. அவர்களைக் கேளாமல் எழுதுவது இதுவரை சொன்னதற்கே மாறாகும். இந்த இதழின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். பிள்ளைகளை இருத்தி வாசித்துக் காட்டி, அது உங்கள் அப்பப்பா செய்தது என்று சொல்லிவிட்டு வருவோம்.