மணி கற்ற பாடம்

நாய் வளர்ப்பைப் பற்றித் தலைமையாசிரியர் எழுதலாமா என்று பெற்றோர் சிலர் புன்னகை புரியக்கூடும். மாணவச் செல்வங்களோ, "மணியைப் பற்றி எழுதுங்கள், ஐயா" என்று பல காலமாக நம்மை நச்சரித்து வருகின்றனர். ஆகவே, இவ்வாண்டு மலரில் மணிக்கு இடமளித்தோம்.

2014-ஆம் ஆண்டில், ஜார்ஜ் டவுனை அடுத்த ஜெலுத்தோங்கில் உள்ள நம் இல்லத்திற்கு மணி எட்டு வார லாப்ரடார் குட்டியாக வந்து சேர்ந்தது. பெயர் லாப்ரடார் எனினும், இவ்வினத்தின் முன்னோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், மீனவர்களுக்கு வலையிழுக்கவும் நழுவிய மீனைக் கவ்வி வரவும் துணை நின்றவை. இங்கிலாந்தில் இது 1903-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. 2007-இல் லக்கி, ஃபுளோ என்னும் இரு கறுப்பு லாப்ரடார்கள் நம் மலேசியாவிற்கு வந்து, திருட்டுத் திரைப்படத் தட்டுகளை மோப்பம் பிடித்ததைப் பெரியவர்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தட்டு அசலா போலியா என்பது அவற்றுக்குத் தெரியாது. தட்டின் மணம் ஒன்றே தெரியும். அதனைக் காட்டிக் கொடுத்தால் பரிசு உண்டு என்பதும் தெரியும். அடிப்படைப் பயிற்சியின் நுட்பமும் இவ்வளவே.

உட்காரக் கற்பிக்க முதுகை அழுத்த வேண்டுவதில்லை. உணவுத் துணுக்கை மூக்கருகே பிடித்துத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் தலை நிமிரும். பின்புறம் தானே தரையில் அமரும். அமர்ந்த அந்நொடியே பாராட்டிக் கொடுத்துவிட வேண்டும். சற்றுத் தாழ்த்தினாலும், எதற்காகக் கிடைத்தது என்பதை அது அறியாது. காலையில் பசியாறும் முன் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். நண்பகலில் கூடாது. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. நடைபழகும்போது கயிற்றை இழுத்தால் நாம் அசையாது நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். முதல் வாரம் தெருமுனை வரை செல்ல நமக்கு அரைமணி நேரம் பிடித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

லாப்ரடாருக்குப் பசி எளிதில் அடங்குவதில்லை. இப்பசியோடு தொடர்புடைய மரபணு மாற்றம் ஒன்று, இவ்வினத்து நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். பயிற்றுவோர்க்கு அது வசதி. நாயின் உடலுக்குத் தீங்கு. ஆதலின் துணுக்கு சுண்டுவிரல் நகமளவே இருக்க வேண்டும். அதனையும் அன்றைய உணவில் கழித்துவிட வேண்டும்.

அண்டை வீட்டு மலாய் மூதாட்டியார் நம் நெடுநாளைய நண்பர். நாயின் எச்சில் பட்டால் அவர் தம் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்தாக வேண்டும். எனவே, எவர் மீதும் தாவாமல் அமர்ந்திருக்கவே மணிக்கு முதலில் கற்பித்தோம். வேலிக்கு அப்பாலிருந்து அவர் "பண்டாய்" என்று மெச்சுவார். மணி வாலாட்டும், எழாது.

இனி நம் பிழையைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாலை மணி வாயிலைத் தாண்டி ஓடிவிட்டது. "வா, வா" என்று தெருத் தெருவாகக் கூவினோம். அரைமணி கழித்து, நாக்கு வெளியே தொங்க, மகிழ்ச்சியோடு திரும்பி வந்தது. சினத்தில் பிரம்பை எடுத்து விளாசினோம். "அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்த தலைமுறையல்லவா! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம். அம்மதிப்பெண் அன்று உதவவில்லை.

மறுநாள் முதல் "வா" என்றால் மணி பத்தடி தள்ளி நின்றுவிடும். ஓடியதற்காக அடித்தோம் என்பது நம் கணக்கு. அதன் கணக்கில், வந்ததற்காக அடி விழுந்தது. அச்சொல் கெட்டுவிட்டது. வேறு வழியின்றி "இங்கே" என்னும் புதுச்சொல்லைத் தேர்ந்தோம். முப்பதடிக் கயிற்றில் விட்டு, அழைத்து, வரும்தோறும் பாராட்டி, மீண்டும் விளையாட விட்டோம். மூன்று மாதங்கள் ஆயின.

2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டது. பினாங்கில் தெருநாய்களைப் பிடித்து அழிக்க ஆணை பிறந்தது. அந்நாள்களில் ஒரு காலை, மணியைக் குளிப்பாட்டக் கழுத்துப் பட்டையைக் கழற்றியிருந்தோம். சமையல் வாயு கொண்டு வந்தவர் வாயிலை அடைக்க மறந்தார். பட்டையற்ற மணி தெருவில் நின்றது. தெருமுனையில் நாய் பிடிக்கும் லாரியும் நின்றது. துரத்தினால் விளையாட்டென்று எண்ணி ஓடும். நாம் அங்கேயே மண்டியிட்டு, நடுங்கிய குரலை அடக்கி, "மணி, இங்கே" என்றோம். அது லாரியைப் பார்த்தது, நம்மைப் பார்த்தது. பழைய பத்தடியில் ஒரு கணம் நின்றது. பின் வந்தது. கையில் துணுக்கு ஏதுமில்லை. அதன் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மனக்கண்ணில் நின்றவன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். அவன் தாயார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்குபவர். தங்கைக்குத் தலைவாரி, பசியாற வைத்து, அவளையும் அழைத்துக்கொண்டு தாமதமாக வருவான். வாயிலில் பிரம்போடு நின்றவர் நாம். இரண்டு வாரமாக அவன் வரவில்லை. சோம்பேறி என்று வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தோம்.

மறுநாள் பாலம் கடந்து பெருநிலம் சென்றதும், பள்ளி முடிந்து அவன் லயத்து வீட்டிற்கு நடந்தோம். நம்மைக் கண்டதும் அவன் கதவுக்குப் பின்னால் மறைந்தான். அதுவும் பத்தடிதான் இருக்கும். "எந்நேரமானாலும் வா, தம்பி" என்று மட்டும் சொல்லித் திரும்பினோம். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள், முதல் பாடவேளை முடியும் தறுவாயில், தங்கையின் கையைப் பிடித்தபடி வாயிலில் நின்றான். பெயர் சொல்லி அழைத்து வகுப்பிற்கு அனுப்பினோம். பென்சில் குறிப்பை அன்றே அழித்தோம்.

மணிக்கு இன்று முகமெல்லாம் நரை, காதும் மந்தம். "இங்கே" என்பதை இப்போது கையசைத்தே சொல்கிறோம். மெதுவாக எழுந்து வருகிறது.