மாத்தளை மலைப்பாதையில் ஒரு மின்சார மர்மம்

ஒரே நாளில் இரு வேறு நாடுகளைக் கண்டு திரும்பிய திருப்தி வேண்டுவோர் மாத்தளை மாவட்டத்துக்குச் செல்லலாம். வடக்கே சிகிரியாவும் தம்புள்ளையும் வெயிலில் காயும் சமவெளி. மாத்தளை நகரிலிருந்து கிழக்கே திரும்பி இரத்தோட்டை வழியாக மேலேறினாலோ, நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டனில் நண்பகலிலும் மூடுபனி வழியை மறைக்கும். வெயிலும் பனியும் ஒரே மாவட்டத்தில் குடியிருப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மோட்டார் வண்டிக்கு அது கடும் சோதனை. அதனை நாம் அண்மையில் நேரிற் கண்டோம்.

சிகிரியாக் குன்றைப் பார்த்துவிட்டு, குழந்தைகளும் வயது முதிர்ந்த அன்னையாருமாக ஏ-9 வீதியில் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தோம். வண்டி பத்தாண்டு கண்ட ஜப்பானிய வண்டி. முதல் நாள் முழுவதும் தம்புள்ளை வெயிலில் நின்றது. நாவுலவைத் தாண்டி, நாலந்தா கெடிகேயைக் காண இறங்கினோம். திராவிடச் சிற்பமுறையில் எழுந்த அந்தக் கற்கோயிலை, போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1970களில் கல் கல்லாகப் பெயர்த்து, பின்னர் உயரமான இடத்தில் மீண்டும் நிறுவினார்கள். அந்த அழகை அனுபவித்துவிட்டு வண்டியைக் கிளப்பியபோதுதான் விசித்திரங்கள் தொடங்கின.

கடிகாரம் தன் நேரத்தை மறந்து தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டது. வானொலி தானே அணைந்து தானே பாடிற்று. கதவுப் பூட்டுகள் யாரும் தொடாமலே ‘டக், டக்’ என்றன. பிரேக்கைப் பற்றிய எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் சக்கரம் திடீரெனக் கனத்தது. சிறிது தூரம் வேகமாக ஓடியதும் எல்லாம் சரியாயின. அடுத்த முறை நிறுத்திக் கிளப்பியதும் மீண்டும் அதே கூத்து! “வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதா?” என்று சின்னவன் கேட்டான்.

வழியில் ஒரு கராஜில் கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். திரையில் பழுதுகள் வரிசையாக விழுந்தன. வண்டியின் ‘மூளை’யாகிய கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றவேண்டும் என்று கூறி, ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவுக்கு ஈடான தொகையைச் சொன்னார்கள். நாம் நன்றி கூறிவிட்டு மெதுவாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தோம்.

மாத்தளை நமக்குப் புதிய ஊரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்மவர், மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே கால்நடையாக வந்து மலையகத்துள் நுழைந்த வாயில் இதுவே. 1880இல் புகையிரதமும் இங்கே வந்துவிட்டது. முத்துமாரியம்மன் கோயிற் கோபுரம் இன்றும் வழிப்போக்கரை வரவேற்கிறது. அந்நகரில்தான் முதியவரான ஒரு மெக்கானிக்கைக் கண்டோம்.

அவர் கணினியைத் தேடவில்லை. “ஐயா, பல வியாதி ஒரே நேரத்தில வந்தா, முதல்ல இரத்தத்தைப் பார்க்கணும். வண்டிக்குப் பற்றரிதான் இரத்தம்” என்றார். முகப்பு விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார். சற்றுப் பொறுத்துச் சிறிய மீற்றரால் அளந்தார். நல்ல பற்றரி ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ற்றளவு காட்டவேண்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். நமது பற்றரி காட்டியது 11.9. எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். முள் 8க்கு விழுந்தது. அந்த வேளையில் 9.6க்குக் கீழே போகலாகாதாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 14.2க்கு உயர்ந்தது. “மின்சாரம் ஊட்டுற ஆல்ட்டனேற்றர் நல்லாயிருக்கு. வாங்கி வைக்கிற பாத்திரந்தான் ஓட்டை” என்று முடிவுரைத்தார். பற்றரி முனைகளில் வெண்பொடி பூத்திருந்ததையும் காட்டினார். அத்துரு மின்னோட்டத்தைத் தடுக்கும். சில வேளைகளில் அதனைத் துடைத்து இறுக்குவதே போதிய வைத்தியமாகிவிடும்.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிவது நன்று. ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட இம்மின்கலத்தைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளாந்தே 1859இல் ஆக்கினார். 1912இல் அமெரிக்கரான கெற்றரிங்கின் மின் கிளப்பி கடிலாக் வண்டியில் வந்தபின், கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கியது. அக்காலத்துப் பற்றரி நலிந்தால் விளக்கு மங்கும், அவ்வளவே. இன்றைய வண்டியிலோ பல சிறு கணினிகள் உள. வோல்ற்றளவு குறைந்ததும் அவை தடுமாறி, இல்லாத பழுதை உண்டென்று அறிவிக்கின்றன. கராஜின் கணினி பொய் சொல்லவில்லை. பசியால் வந்த புலம்பலை வாசித்துக் காட்டியது.

வெப்பம் தகடுகளை அரித்துப் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். குளிரில் இரசாயன வினை மந்தமாகி, அந்தக் குறையை வெளிப்படுத்தும். மேலும், எஞ்சின் மெதுவாகச் சுழலும் வேளைகளில் ஆல்ட்டனேற்றர் தருவது குறைவு. மூடுபனியோ விளக்கு, வைப்பர், காற்று விசிறி அனைத்தையும் ஒருங்கே கேட்கும். வரவு குறைந்து செலவு மிகும் அவ்வேளையில் கைகொடுக்கவேண்டியது பற்றரியே. பற்றரி மாற்றாது ரிவர்ஸ்டனுக்கு ஏறியிருந்தால், காட்டுக்கு நடுவே, பனிக்குள்ளே, அன்னையாரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருப்போம்?

புதிய பற்றரி பூட்டியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங்கும் இலகுவாயிற்று. பெரியவர் கூலியாகச் சொற்பமே பெற்றார். 2022இல் எரிபொருளின்றி வாரக்கணக்கில் அசையாது நின்ற வண்டிகள் பலவற்றின் பற்றரிகள் அவ்வாறே உயிரிழந்ததைச் சொல்லி, “ஓடாத வண்டிக்கும் பசிக்கும், ஐயா” என்றார். பற்றரியருகே தீக்குச்சி கிழிக்கலாகாது, அதிலிருந்து எழும் வாயு வெடிக்கக்கூடும் என்று பிள்ளைகளையும் எச்சரித்தார்.

மறுநாட் காலை இரத்தோட்டையைத் தாண்டி ஏறினோம். மிளகுக் கொடிகளும் கராம்பு மரங்களும் பின்தங்க, காடு நெருங்கி வந்தது. ரிவர்ஸ்டனில் காற்று கதவைத் திறக்கவிடாது தள்ளிற்று. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விளக்குகள் மங்காமல் எரிந்தன. இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு வந்து திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் முதல் அழைப்பிலேயே குரல் கொடுத்தது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இவ்வழி செல்லும் அன்பர்கள், கட்டுச்சோற்றை எடுத்துவைக்குமுன் பற்றரியை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.